எழுதினால் போதாது, சொல்லவும் வேண்டும்: யாழ்ப்பாணத்தில் தாதியாகப் படிக்கிறவர்களுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

நான் இரண்டாம் வருட மாணவியாக இருந்தபோது ஒரு மாரி காலம். டெங்கு வந்தவர்களால் ஆஸ்பத்திரி விடுதி நிரம்பி வழிந்தது. எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு கட்டிலில் இருந்த இளைஞரின் சலத்தை மணித்தியாலத்துக்கு ஒருதரம் அளந்து தாளில் பதிய வேண்டும். 3 மணிக்கு 40 மில்லிலீற்றர். 4 மணிக்கு 25. 5 மணிக்கு 15. 6 மணிக்கு 10. நான்கையும் கோடு பிசகாமல் எழுதினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் ஏதோ கேட்கப் போய் ஒரு சீனியர் அக்காவிடம் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கியிருந்தேன். இன்னொருதரம் வாங்கப் பயம்.

7 மணிக்கு இரவு டியூட்டிக்கு வந்தவர் தாளைப் பார்த்தார். இளைஞரின் கையைத் தொட்டார். கை குளிர்ந்திருந்தது. அடுத்த நிமிடம் டொக்டருக்கு போன் போனது. இளைஞர் தப்பிவிட்டார். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்தக் கட்டத்தில் மணிக்குக் குறைந்தது 25 மில்லிலீற்றராவது சலம் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பரீட்சையில் சரியாக எழுதியும் இருக்கிறேன். அறிவு இருந்தது, வாய் திறக்கவில்லை.

தாதியருக்கு நல்ல மனப்பாங்கு வேண்டும் என்று கூட்டங்களில் சொல்வார்கள். பொறுமை, புன்னகை, சேவை மனப்பான்மை. அவை வேண்டும்தான். ஆனால் விடுதியில் ஆளைக் காப்பாற்றுகிற மனப்பாங்கு, கண்டதை உரிய நேரத்தில் உரிய ஆளிடம் சொல்வது. நம் வீடுகளில் "பெரியாக்கள் கதைக்கேக்க வாயை மூடு" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தானாக வராது. பழக வேண்டும். எப்படிப் பழகுவது என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: சேர முன்னர்

யாழ்ப்பாணத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தாதியர் கல்லூரியில் 3 வருட டிப்ளோமா. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் செய்தவர்களிடம் வர்த்தமானி அறிவித்தல் மூலம் விண்ணப்பம் கேட்பார்கள், படிக்கும்போதே மாதக் கொடுப்பனவு உண்டு. மற்றது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 4 வருடத் தாதியியல் பட்டம். எது மேல் என்று சண்டை பிடிக்க வேண்டாம். கட்டிலில் கிடப்பவருக்கு அது தெரியாது, தேவையும் இல்லை.

சேர முன்னர் பெரியாஸ்பத்திரியிலோ தெல்லிப்பழை, மந்திகை வைத்தியசாலைகளிலோ வேலை செய்யும் தெரிந்த ஒருவரைப் பிடித்து ஒரு மணித்தியாலம் கதையுங்கள். சம்பளத்தைக் கேட்கிறதோடு நிறுத்தாமல், கடைசியாக எப்போது அழுதீர்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் போக விருப்பம் இருந்தால், போங்கள்.

படி 2: ஆங்கிலத்தில் படித்து, தமிழில் விளங்குங்கள்

உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். விரிவுரை ஆங்கிலம், புத்தகம் ஆங்கிலம், மருந்தின் பெயர் லத்தீன் போல. பலர் பாடமாக்கித் தப்பப் பார்ப்பார்கள். பரீட்சைக்கு அது உதவும், விடுதியில் கைவிடும்.

நாங்கள் செய்தது இதுதான். பின்னேரத்தில் நான்கு பேர் இருந்து, அன்று படித்ததை ஒருவர் ஒரு அம்மாவுக்குச் சொல்வது போலத் தமிழில் சொல்ல வேண்டும். "இந்தக் குளிசை ஏன் சாப்பாட்டுக்கு முதல் போட வேணும்?" என்று மற்றவர் நோயாளியாக இருந்து கேட்பார். தமிழில் சொல்லத் தெரியாவிட்டால் விளங்கவில்லை என்றுதான் அர்த்தம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். அந்த ஊரில் இருந்துகொண்டு தமிழில் விளக்க முடியாது என்று நாம் சொல்லக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. நோயாளர் சொல்வது புத்தகத்தில் இருக்காது. "நாரி பிடிச்சிருக்கு", "முட்டு இழுக்குது", "நெஞ்சுக்குள்ள அரியண்டமாக் கிடக்கு", "சத்தி வாற மாதிரி", "வயித்தாலை போகுது" என்பார்கள். ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் அதன் மருத்துவச் சொல்லைப் போடுங்கள். சீனி வருத்தம் உள்ள ஒரு ஆச்சி "நெஞ்சுக்குள்ள அரியண்டம்" என்று சொன்னால் அது வாய்வு என்று விட்டுவிடக் கூடாது. சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலும் வரும். உடனே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

படி 3: விடுதியில் முதல் வாரம்

அரைமணி முந்திப் போங்கள். விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் உங்கள் பெயர், எந்த வருடம், இதுவரை எதைச் செய்து பழகியிருக்கிறீர்கள், எதைச் செய்யவில்லை என்று சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். "கனூலா போட்டுப் பார்த்திருக்கிறன், ஆனா தனியப் போட்டதில்லை" என்று (கனூலா என்பது மருந்து ஏற்ற நாளத்தில் போடும் சின்னக் குழாய்) முதல் நாளே சொன்ன பிள்ளையை யாரும் குறைவாக நினைப்பதில்லை. தெரியும் என்று தலையாட்டிவிட்டு நோயாளியின் கையில் மூன்றுதரம் குத்தியவரைத்தான் மறக்க மாட்டார்கள்.

அவசர மருந்துத் தட்டு, ஒட்சிசன், சக்சன் எல்லாம் எங்கே என்று முதல் நாளே நடந்து பாருங்கள். கை சுத்தம் பற்றி நீட்ட மாட்டேன்: அல்ககோல் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் மட்டுமல்ல, அவருடைய கட்டில் சட்டத்தையோ மேசையையோ தொட்டாலும் கழுவ வேண்டும். பலர் விடுவது அதைத்தான்.

படி 4: பெயரைச் சொல்லாதீர்கள், கேளுங்கள்

மருந்து கொடுக்கும்போது ஐந்து சரிகள்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். எல்லாருக்கும் பாடம். முதலாவதில்தான் நம் ஊரில் வழுக்கும்.

வேலைக்கு வந்து சில மாதம். பெண்கள் விடுதியில் இரண்டு பரமேஸ்வரி, கட்டில் ஒன்று விட்டு ஒன்று, இருவருக்கும் எழுபது கடந்த வயது. கையில் இன்சுலின் ஊசியோடு போய், "அம்மா, நீங்கள் பரமேஸ்வரிதானே?" என்றேன். "ஓம் பிள்ளை" என்று சட்டை கையை உருட்டித் தந்தார். ஊசியை வைக்கப் போகும்போது பக்கத்துக் கட்டில் அம்மா, "இவவுக்குச் சீனி இல்லையே, எனக்கெல்லோ சீனி" என்றார். அந்த நிமிடம் என் கை நடுங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. நம் ஆச்சிமார் மரியாதைக்காகவே எதற்கும் ஓம் என்பார்கள். காது கேட்காவிட்டாலும் ஓம் என்பார்கள்.

அன்றிலிருந்து என் பழக்கம் இது. "உங்கட முழுப் பேர் என்ன அம்மா? எந்த ஊர்? என்ன வருத்தத்துக்கு வந்தனீங்கள்?" அவர் வாயால் சொல்ல வேண்டும். பிறகு ரிக்கெற்றோடு, அதாவது நோயாளியின் பதிவுத் தாளோடு, ஒப்பிட வேண்டும். பேச முடியாதவர் என்றால் கூட இருப்பவரிடம் அதே கேள்வி. ஒரே பெயரில் இருவர் இருந்தால் டியூட்டி மாறும்போது முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். இரு ரிக்கெற்றிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், முடிந்தால் கட்டிலையும் தூர மாற்றுங்கள்.

இன்சுலின் பற்றி இன்னொன்று. அலகு என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுத வேண்டாம். அந்த எழுத்து பூச்சியம் போல் தெரிந்தால் 10 அலகு 100 ஆகிவிடும். யூனிற் என்ற சொல்லை முழுதாக எழுதுங்கள்.

படி 5: டொக்டருக்குச் சொல்லும் விதம்

புதியவர்கள் அதிகம் திணறும் இடம் இது. இரவு 2 மணிக்கு நித்திரை முறித்து எழும்பும் ஹவுஸ் ஒபிசரிடம் (விடுதியில் நிற்கும் இளம் டொக்டர்) "டொக்டர், அந்த ஆள் ஒரு மாதிரி இருக்கிறார்" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது, கோபம்தான் வரும். உலகம் முழுக்க மருத்துவமனைகளில் பழக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. இப்போது என்ன நடக்கிறது, இதுவரை என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும். இந்த நாலும் அதே வரிசையில். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவத்துக்கு வந்த முறை இது. அங்கும் சுற்றி வளைத்துக் கதைக்க நேரம் இல்லை.

எங்கள் பேச்சில் அது இப்படி வரும்:

"டொக்டர், ஆண்கள் விடுதியில இருந்து நேர்ஸ் கதைக்கிறன். 12ஆம் கட்டில், 34 வயசு, டெங்கு. கடைசி ரெண்டு மணித்தியாலமும் சலம் 15, 10 மில்லி. பிறசர் 100க்கு 80, நாடி 118, கை குளிருது. இண்டைக்குக் காய்ச்சலின்ர ஐஞ்சாம் நாள், விடியக் காய்ச்சல் விட்டது. லீக் பண்ணுது எண்டு நினைக்கிறன். உடன வந்து பாருங்கோ. வாறதுக்குள்ள பி.சி.வி. எடுத்து வைக்கட்டோ?"

அரை நிமிடம்கூட ஆகாது. லீக் என்பது இரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிவது, பி.சி.வி. என்பது இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் சோதனை. இதில் 100க்கு 80 என்பதைக் கவனியுங்கள். மேல் எண் நன்றாக இருக்கிறதே என்று புதியவர் விட்டுவிடுவார். இரண்டுக்கும் இடையே 20தான் இருக்கிறது, அதுதான் ஆபத்தின் அடையாளம்.

போன் எடுக்கும் முன் ரிக்கெற்றைக் கையில் வையுங்கள், நாடியையும் பிறசரையும் அப்போதே எடுங்கள். டொக்டர் வாயால் மருந்து சொன்னால் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் போனில் ஒன்று போலக் கேட்கும். "ஒண்டு ஐஞ்சோ, ஐஞ்சு பூச்சியமோ டொக்டர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். அவர் வரத் தாமதித்தால்? பத்து நிமிடத்தில் திரும்ப எடுங்கள். பிறகும் இல்லையென்றால் அவருக்கு மேல் உள்ளவருக்கு எடுங்கள். இது கோள் சொல்வது அல்ல. முதலில் சிஸ்டரிடமோ கூட நிற்கும் சீனியரிடமோ சொல்லிவிட்டு எடுத்தால் பிறகு மனஸ்தாபம் வராது.

படி 6: கூட வேலை செய்கிறவர்கள்

ஏசுகிற சீனியர் எல்லா விடுதியிலும் ஒருவர் இருப்பார். அவர்களில் சிலர் கரண்டும் மருந்தும் இல்லாத 1990களில் லாம்பு வெளிச்சத்தில் காயம் கட்டியவர்கள். 1987 ஒக்டோபர் 21, 22இல் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்திய இராணுவம் நடத்திய படுகொலையில் கூட வேலை செய்த டொக்டர்களையும் தாதியரையும் இழந்த தலைமுறை அது. அந்த முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது என்று விளங்கிக்கொள்கிறேன். ஆனால் ஏச்சுக்குப் பயந்த மாணவி 10 மில்லியைச் சொல்லாமல் விட்டாள் என்பதும் உண்மை. ஆகவே சீனியராக இருந்து இதை வாசிப்பவரிடம் ஒரு வேண்டுகோள்: பிழையைத் திருத்துங்கள், தனியக் கூப்பிட்டுத் திருத்துங்கள், கேள்வி கேட்டதற்காக ஒருபோதும் ஏசாதீர்கள்.

ஏச்சு வாங்கினால் என்ன செய்வது? அந்த நேரம் வேலையை முடியுங்கள். பிறகு, தேநீர் நேரத்தில், "அக்கா, நீங்கள் சொன்னது சரி, இனிப் பார்த்துச் செய்யிறன். ஆனா ஆக்களுக்கு முன்னால சொல்லேக்க எனக்கு அடுத்தமுறை கேக்கப் பயமாக் கிடக்கு" என்று சொல்லிப் பாருங்கள். நான் இதைச் சொன்ன இரண்டு பேரில் ஒருவர் மாறினார். மற்றவர் மாறவில்லை, ஆனாலும் நான் கேட்பதை நிறுத்தவில்லை. எல்லை மீறிய பகிடிவதை என்றால் அது வேறு கதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி கல்வி நிறுவனங்களில் பகிடிவதை குற்றம். பொறுக்கத் தேவையில்லை.

சுகாதார உதவியாளர் அக்காமார், அண்ணைமாரை மறந்துவிட்டுக் குழு வேலை பற்றிக் கதைப்பதில் பயனில்லை. நோயாளியைத் திருப்பிப் போடுவது, ஸ்கானுக்குத் தள்ளிக்கொண்டு போவது, இரத்த வங்கிக்கு ஓடி இரத்தம் எடுத்து வருவது எல்லாம் அவர்கள். "அந்த ஐயா நேற்று மாதிரிக் கதைக்கேல்லை பிள்ளை" என்று முதலில் கண்டு சொல்வதும் பல நேரம் அவர்கள்தான். கட்டளை போடாமல், ஏன் அவசரம் என்று காரணத்தோடு சொன்னால் வேலை இரண்டு மடங்கு வேகமாக நடக்கும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். "நீர் எவடம்?" என்ற கேள்வியை நாம் எதற்குக் கேட்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஊரைக் கேட்டுச் சாதியை அளக்கும் அந்தப் பழக்கம் டியூட்டி அறைக்குள்ளும் வருகிறது. யாரோடு யார் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவது என்பதிலும் வருகிறது. நோயாளியிடம் ஊர் கேட்பது ஆளை அடையாளம் காண. கூட வேலை செய்பவரிடம் அந்த நோக்கத்தோடு கேட்க வேண்டாம். கேட்பவரைக் கண்டால் கதையை மாற்றுங்கள்.

படி 7: உறவினர்கள்

எங்கள் ஊரில் ஒருவர் படுத்தால் ஒரு குடும்பமே பிளாஸ்க்கோடு வரும். அது பாரம் அல்ல, சரியாகப் பாவித்தால் பலம். ஒருவரைப் பொறுப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவரிடம் மட்டும் விபரம் சொல்லுங்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மகன் வீடியோ கோலில் வந்து, "மிஸ்ஸி, அம்மாவின்ர ரிப்போட்டை ஒருக்காக் காட்டுங்கோ" என்பார். அவரின் தவிப்பு உண்மையானது. ஆனால் ரிக்கெற்றைக் கமராவில் காட்டக் கூடாது, பக்கத்துக் கட்டில்களும் படத்தில் விழக் கூடாது. "அம்மா நல்லா முழிச்சுக் கதைக்கிறா, வருத்தத்தைப் பற்றி டொக்டர்தான் சொல்லுவார், நாளைக்கு இத்தனை மணிக்கு இங்க நிக்கிற தங்கச்சியிட்ட விளக்குவார்" என்று ஒரு நேரத்தைக் கொடுங்கள். நேரம் கொடுத்தால் பாதிக் கோபம் அடங்கும்.

ஒருவர் இறக்கும்போது, முடிந்தவரை திரையை இழுத்து, வீட்டாருக்கு இடம் விடுங்கள். திருநீறு பூச, மெதுவாகத் தேவாரம் சொல்ல, செபம் செய்ய ஐந்து நிமிடம் கொடுக்க எந்த விடுதியாலும் முடியும்.

படி 8: பிழை நடந்தால்

முதலில் நோயாளியைப் பாருங்கள், நாடி, பிறசர், மூச்சு. அடுத்து டொக்டருக்கும் சிஸ்டருக்கும் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் எழுத்து. எழுதியதை அழிக்கவோ மையால் பூசவோ வேண்டாம். ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை எழுதி, நேரமும் கையொப்பமும் இடுங்கள். பரமேஸ்வரி அம்மாவுக்கு ஊசி போகவில்லை, ஆனாலும் நான் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. அடுத்த நாள் கட்டில் மாற்றினார்.

ஊசி உங்களுக்கே குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரத்தால் கழுவி, உடனே அறிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவது நல்லது, 72 மணித்தியாலம் கடந்தால் பலன் இல்லை. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் அல்ல இது. ஈரல் அழற்சி பி தடுப்பூசி மூன்றையும் படிக்கும்போதே முடித்துவிடுங்கள்.

படி 9: இரவும் வீடும்

காலை 7 முதல் 1, பின்னேரம் 1 முதல் 7, இரவு 7 முதல் அடுத்த நாள் 7. இதற்குள் கலியாணமும் திருவிழாவும் தவறும். பின்னேர டியூட்டி முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் பலர் சைக்கிளில் மைல் கணக்கில் மிதித்து வந்தார்கள். வீட்டாருக்கு டியூட்டித் தாளின் படத்தை மாதத் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள், பாதிச் சண்டை வராது. இரவு முடிந்து வந்தால் போனை மற்ற அறையில் வைத்து, யன்னலுக்குத் தடித்த துணி போட்டு, முதலில் நித்திரை. சமையல் பிறகு.

படி 10: முதல் நியமனம் தூரத்தில் கிடைத்தால்

அனுராதபுரமோ கொழும்போ கிடைத்தால் சிங்களம் தேவை. "நம மொகக்த?" என்று பெயரையும், "கொஹெத ரிதென்னே?" என்று எங்கே நோகுது என்பதையும், "ஹுஸ்ம கன்ன அமாருத?" என்று மூச்சு எடுக்கக் கஷ்டமா என்பதையும் கேட்கப் பழகிக்கொண்டு போங்கள். பிழையாகச் சொன்னாலும் சிரித்துத் திருத்துவார்கள். தெற்கிலிருந்து இங்கே வரும் பிள்ளைகளுக்கு நாரியும் சத்தியும் சொல்லிக் கொடுங்கள். நெடுந்தீவு போன்ற இடம் கிடைத்தால், நோயாளியை அனுப்பப் படகு குறிகட்டுவான் போய்ச் சேர வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். அங்கே "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பம்" என்ற சொல்லுக்கு இடமில்லை. கடல் பொங்க முன்னரே சொல்ல வேண்டும்.

படி 11: பொறுப்புக் கொடுத்தல்

டியூட்டி மாறும்போது நோயாளர்களை அடுத்து வருபவரிடம் ஒப்படைப்பதுதான் இது. மேசையில் இருந்து கொப்பியை வாசிக்காமல் கட்டில் கட்டிலாக நடந்து கொடுங்கள். நிலைமை மோசமானவரிடம் முதலில் போங்கள். ஒவ்வொரு கட்டிலிலும் மூன்று விடயம்: என்ன மாறியது, என்ன செய்து முடியவில்லை, எதைக் கவனிக்க வேண்டும். சேலைன் ஓடுகிறதா, கனூலா போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். வருபவரை ஒரு கேள்வியாவது கேட்க விடுங்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஏதாவது நினைவு வந்தால் விடுதிக்கு போன் எடுங்கள். போன மாதம் இரவு டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது, தட்டாதெருச் சந்தி தாண்டியதும், 8 மணி மருந்தை டொக்டர் மாற்றியதைச் சொல்லாமல் வந்தது தலையில் அடித்த மாதிரி நினைவு வந்தது. உடனே எடுத்தேன். மறுமுனையில் வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன பிள்ளை.

"ரிக்கெற்றில பார்த்தனான் அக்கா, ஆனா கையெழுத்து விளங்கேல்லை, இப்பதான் டொக்டருக்கு போன் எடுத்துக் கேட்டனான். சரியான மருந்தைக் குடுத்தாச்சு. நீங்கள் போய்ப் படுங்கோ."